பஞ்சர் பால்

கொக்கனேந்தலுக்கும் வாகைக்குண்டுக்கும் நடுவே கிடந்த கண்மாய் தண்ணீரைப் பார்த்துப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. தண்ணீர் நின்ற இடமெல்லாம் சீமைக்கருவேலம் முளைத்திருந்தது. அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கும் உரிமை எந்த ஊருக்கு என்பதில் இரண்டு ஊர்க்காரர்களும் முதலில் பேசினார்கள், பிறகு ஏசினார்கள், பிறகு இரண்டையும் விட்டுவிட்டு அரிவாளை எடுத்துக்கொண்டார்கள். அந்த வருடம் சித்திரையில் கொக்கனேந்தல் கோட்டைச்சாமி, கண்மாய்க்குள் வைத்து வாகைக்குண்டு சன்னாசியின் வலது கையில் இரண்டு விரல்களை வெட்டி எடுத்தான். எறும்பு தின்று முடிக்கிறவரை அந்த விரல்களை யாரும் தேடவில்லை. இருபது நாளில் இடது கையால் அரிவாள் வீசப் பழகிக்கொண்ட சன்னாசி, கோட்டைச்சாமியைத் தேடித் திரிந்து, அவன் அகப்படாமல், அவனுடைய தம்பி இருளப்பனைப் பிடித்தான்.

இருளப்பனுக்கு இந்தச் சண்டையில் பங்கே இல்லை. அவன் வாடகைக் கார் ஓட்டுகிறவன். கருவேல முள் டயரில் ஏறும்போது மட்டும்தான் கண்மாயைப் பற்றி நினைப்பான். அன்றைக்கும் அப்படித்தான் ஏறியது. மாமியார் வீட்டுக் கிடாவெட்டுக்குப் போய்விட்டு மனைவி பூமயிலோடு திரும்பிக்கொண்டிருந்தபோது, உச்சி வெயிலில், ஆள் அரவமில்லாத கண்மாய்க்கரைச் சாலையில், முன்பக்கத்து இடது டயர் புஸ்ஸென்று அமர்ந்தது. அது புது மாதிரிக் கார். டிக்கியில் ஸ்டெப்னி இல்லை. அது இருக்க வேண்டிய குழியில் ஒரு பாட்டிலும் காற்றடிக்கிற குட்டி மிஷினும் இருந்தன.

"ஸ்டெப்னியைக் கேட்டா பால் பாட்டிலக் குடுத்து அனுப்பியிருக்கான் பாரு" என்றான் இருளப்பன்.

"முதல்ல என்ன எழுதியிருக்குன்னு படிப்போம் மச்சான்" என்று பூமயில் பாட்டிலை வாங்கி வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தாள். நன்றாகக் குலுக்க வேண்டும். குழாயை டயரின் வாயில் மாட்டி, மிஷினின் வயரைக் காருக்குள் சிகரெட் பற்றவைக்கிற ஓட்டையில் செருகி ஓடவிட வேண்டும். பால் உள்ளே போய் ஓட்டையைத் தேடி அடைத்துக்கொள்ளும். பிறகு கொஞ்ச தூரம் ஓட்டினால்தான் அது எல்லாப் பக்கமும் பரவும். இது தற்காலிகம் மட்டுமே. ஒரு பாட்டிலுக்கு நூறு கிலோமீட்டர், அதற்குள் முறையாகப் பழுது பார்த்துவிட வேண்டும்.

பால் டயருக்குள் போய்க்கொண்டிருந்தது, மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது, அப்போது நான்கு பைக்குகள் வந்தன. சன்னாசி இறங்கி, "பொம்பளையை யாரும் தொடாதீங்கடா" என்று நியாயமாகச் சொல்லிவிட்டு, குனிந்திருந்த இருளப்பனின் கழுத்தில் முதல் வெட்டை வெட்டினான். தோளில் ஒன்று, விலாவில் இரண்டு, வயிற்றில் ஒன்று, ஓடப் பார்த்தபோது கெண்டைக்காலில் ஒன்று, விழுந்த பிறகு முதுகில் ஒன்று. பூமயில் ஒருவனுடைய மணிக்கட்டைச் சதை பல்லோடு வரும்படி கடித்தாள், இன்னொருவனுடைய சட்டையைக் கிழித்தாள். அவளை உதறித் தள்ளிவிட்டு, ஒரு டீ குடித்து முடிக்கிற நேரத்துக்குள் எல்லாம் முடித்து அவர்கள் போய்விட்டார்கள். தாரில் விழுந்த ரத்தம் சூட்டில் பொரிந்தது. அந்த வழியாக வந்த ஒரு லாரி வேகத்தைக் குறைத்து, பார்த்து, வேகத்தைக் கூட்டிக்கொண்டு போனது.

மிஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் வந்த பக்கம் திரும்பிய பூமயில் டயரைப் பார்த்தாள். முள் குத்திய இடத்தில் வெள்ளையாகக் கசிந்த பால் அங்கேயே இறுகி, டயர் மெல்ல எழுந்து நின்றிருந்தது. அவள் குழாயைக் கழற்றி, புருசனின் கழுத்து வெட்டுக்குள் செருகி, பாதி மீந்திருந்த பாட்டிலைக் குலுக்கி மாட்டி, பொத்தானை அழுத்தினாள். ஏழு வெட்டிலும் முதலில் சிவப்பு நுரை வந்தது, பிறகு இளஞ்சிவப்பு, பிறகு வெள்ளை. வெள்ளை ஆடை கட்டியது, ஆடை ரப்பராக இறுகியது. மிஷினின் முள் ஏறிக்கொண்டே போய் முப்பத்திரண்டைத் தொட்டபோது இருளப்பன் கண்ணைத் திறந்தான்.

"போதும், நிறுத்து. அதுக்கு மேல காத்து ஏத்தக் கூடாது."

பூமயிலுக்கு வியப்பாக இல்லை. பாட்டிலில் எழுதியிருந்தது ஞாபகம் வந்தது. "படுத்துக் கிடக்காதீங்க மச்சான். எந்திரிச்சு நடந்தாத்தான் உள்ள பரவும்" என்று கையைக் கொடுத்துத் தூக்கினாள். அவன் காரைப் பதினொரு தடவை சுற்றி நடந்தான். பிறகு அவனே ஸ்டியரிங்கைப் பிடித்து வீட்டுக்கு ஓட்டிவந்தான்.

செய்தி அதற்குள் ஊருக்குப் போயிருந்ததால், பந்தல் போட மூங்கில் இறக்கியிருந்தார்கள், துட்டி கேட்க வந்த பெண்கள் தெருமுனையில் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்திருந்தார்கள். இருளப்பன் காரைவிட்டு இறங்கியதும் அழுகை பாதியில் நின்றது. பாதி அழுகையை என்ன செய்வதென்று தெரியாமல், சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு அவர்கள் போனார்கள். கோயில் பூசாரி யோசித்து, பதினாறு நாள் தீட்டு வேண்டாம், எட்டு நாள் போதும் என்றார். பெண்கள் யோசித்து, பூமயில் தாலியைக் கழற்ற வேண்டியதில்லை, பூவும் வைக்கலாம், ஆனால் மல்லிகை வேண்டாம், கனகாம்பரம் மட்டும் வைத்துக்கொள்ளட்டும் என்றார்கள். விசாரிக்க வந்த ஏட்டு, கொலை என்று எழுதி, அடித்து, கொலை முயற்சி என்று எழுதி, அதையும் அடித்துவிட்டு, மேலே கேட்டு எழுதுகிறேன் என்று போனார். சூடு பட்டால் பால் இளகிவிடும் என்று டீக்கடையில் அவனுக்கு மட்டும் ஆறிய டீ கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் இதெல்லாம் ஊர் வழக்கமாகிவிட்டது. கிராமத் தலையாரி சேதுதான் கணக்குப் போட்டுச் சொன்னான்: பாதிப் பாட்டில்தான் உடம்புக்குள் போயிருக்கிறது, அதனால் ஐம்பது கிலோமீட்டர்தான். அதுவும் சக்கரம் சுற்றினால்தானே தேய்மானம், அதனால் அவன் காலால் நடக்கிற தூரம் மட்டும்தான் கணக்கு, தூக்கிக்கொண்டு போனால் கணக்கில்லை. நில அளவைக்குப் போய்ப் பழகியவன் என்பதால் சொன்னதை யாரும் மறுக்கவில்லை. இருளப்பன் நடக்கும்போதெல்லாம் அடியை எண்ணுகிற வேலையும் அவனுக்கே வந்தது.

ஆஸ்பத்திரி டாக்டர் காயங்களை அமுக்கிப் பார்த்துவிட்டு, இது நான் படித்த படிப்பில் இல்லை என்று நேர்மையாகக் கையை விரித்தார். டவுனில் பஞ்சர் கடை வைத்திருந்த காதர் பாய்தான் ஸ்டூலில் உட்காரவைத்து, கழுத்தில் காதை வைத்துக் கேட்டார்.

"இது ஒட்டு இல்லம்மா. சும்மா மூடி வச்சிருக்கு. முறையா பேட்ச் போடணும்னா உள்ள இருக்கிற பாலை முழுக்கக் கழுவி எடுக்கணும். கழுவுனா..." பாய் பேச்சை நிறுத்தி இருளப்பனைப் பார்த்தார். "நடக்காம இருங்க தம்பி."

பூமயில் அந்தக் கடையில் மிச்சம் இருந்த கடைசிப் பாட்டிலை வாங்கிவந்து அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தாள். அவனுக்கு இப்போது வலி இல்லை, பசி இல்லை. மத்தியான வெயிலில் அவன் உடம்பில் புது டயர் வாசனை வந்தது. பக்கத்தில் படுத்து நெஞ்சில் காது வைத்தால் துடிப்புக்குப் பதில் மெல்லிய காற்றுச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்க அவள் பழகிக்கொண்டாள்.

பழகாதவன் கோட்டைச்சாமி ஒருவன்தான். அவன் கருவேலக் கட்டையில் ஒரு நாற்காலி செய்து, இரண்டு பக்கமும் கம்பு கட்டி, எட்டு ஆட்களை விட்டுத் தம்பியைத் தூக்கிக்கொண்டு பொட்டலுக்கு வந்தான். தம்பியின் சட்டையைக் கழற்றி, ஏழு வெள்ளைத் தழும்பையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, "பாருங்கடா, இது ஆறல, ஆறவும் ஆறாது" என்று கத்தினான். அன்றைக்குச் சாயங்காலம் கொக்கனேந்தல் ஆட்கள் வாகைக்குண்டில் ஒருவனை அவன் மாட்டுக் கொட்டகையில் வைத்து வெட்டினார்கள். அடுத்த வாரம் மறுபடி நாற்காலி வந்தது, மறுபடி சட்டை கழன்றது, வாகைக்குண்டு அண்ணன் தம்பி இருவரைக் கரி மூட்டத்துக்குப் பக்கத்தில் வெட்டி, மூட்டத்துக்குள்ளேயே தள்ளி மண்ணைப் போட்டு மூடினார்கள், மூன்று நாள் கழித்துக் கரி பிரித்தபோதுதான் வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்தது. பதிலுக்கு வாகைக்குண்டுக்காரர்கள் கொக்கனேந்தல் ஆடுகள் அறுபதையும் குடல் சரிய வெட்டிப் போட்டுவிட்டு, மேய்த்தவனையும் அந்தக் குவியலின் மேல் போட்டுவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு தடவையும் இருளப்பன் நாற்காலியில் வெற்றுடம்போடு உட்கார்ந்திருந்தான்.

"என்னைச் சாமி மாதிரித் தூக்கிட்டுப் போறாங்க. ஒவ்வொரு தடவையும் ஒருத்தன் சாகுறான், பூமயிலு."

"போகாதீங்க மச்சான்."

"எப்படிப் போகாம இருக்க? கால் இருந்தும் நடக்கக் கூடாதே."

ஆடி மாதத்துச் சந்தையில், வெங்காயக் கடைக்கு எதிரில், பட்டப்பகலில், கோட்டைச்சாமி சன்னாசியை வெட்டினான். வெட்டிவிட்டு ஆட்களோடு பொட்டலுக்குப் போய் வேட்டு வெடித்துக்கொண்டிருந்தான். அந்தச் சத்தத்துக்கு நடுவே, ஒரு சுமை ஆட்டோ பூமயில் வீட்டு வாசலில் வந்து நின்றது. இறங்கியவள் சன்னாசியின் மனைவி தனபாக்கியம். அவள் சேலை முந்தானை முழுக்கப் புருசனின் கழுத்துக்குள் இருந்தது.

"அக்கா. அந்தப் பாலு இருக்குன்னு சொன்னாங்க."

பூமயில் அரிவாள்மணையைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வாசலுக்கு வந்தாள். ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தாள். இரண்டு விரல் இல்லாத கை அதிர்ந்துகொண்டிருந்தது.

"அன்னைக்கு இவன் சட்டையத் துவைச்சது யாரு?" என்று கேட்டாள்.

தனபாக்கியம் தலையைக் குனியவில்லை. "நான்தான்."

"எத்தனை தண்ணி?"

"மூணு தண்ணி ஊத்துனேன். போகல. அடுப்புல போட்டு எரிச்சேன்."

"சோறு போட்டியா அன்னைக்கு?"

"போட்டேன். சாப்பிட்டாரு. நான் சாப்பிடல."

பூமயில் வெகுநேரம் நிற்கவில்லை. பிறகு எத்தனையோ பேர், ஏன் கொடுத்தாய் என்று அவளைக் கேட்டார்கள். தனபாக்கியம் பொய் சொல்லியிருந்தால் வெட்டியிருப்பேன் என்று மட்டும் சொன்னாள். உள்ளே போய் அரிசிக்குள் கையை விட்டுப் பாட்டிலை எடுத்துவந்து, ஆட்டோ பேட்டரியில் வயரைக் கொடுத்து, முழுப் பாட்டிலையும் ஏற்றினாள். சன்னாசி எழுந்து உட்கார்ந்து, தன்னைக் காப்பாற்றியது யார் என்று பார்த்துவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டான்.

கோட்டைச்சாமி விஷயம் தெரிந்து அரிவாளோடு ஓடிவந்தான். பூமயில் விலகவில்லை. அவள் தலையை நோக்கி இறங்கிய வெட்டுக்கு, திண்ணையில் உட்கார்ந்திருந்த இருளப்பன் எழுந்துவந்து தோளைக் கொடுத்தான். தோள் பிளந்து, பால் வடிந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூடிக்கொண்டது. கோட்டைச்சாமி மூடிய தோளையும் தன் அரிவாளையும் மாறி மாறிப் பார்த்தான். அந்த இடத்தில்தான் அவனுக்கு அந்த யோசனை வந்தது.

"சரி. ரெண்டு பேரும் சாகாதவனுங்க. ரெண்டு பேரும் மோதட்டும். எவன் விழாம நிக்கிறானோ அவன் ஊருக்குத்தான் கண்மாய்."

வாகைக்குண்டிலும் இதையே நல்ல யோசனை என்றார்கள். சம்மதமா என்று இருவரையும் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. மாட்டேன் என்றால் பூமயிலையும் தனபாக்கியத்தையும் கண்மாயில் வைத்து வெட்டுவோம் என்று மட்டும் இரண்டு ஊர்க்காரர்களும் அவரவர் ஆளிடம் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கண்மாய்க்குள் கருவேலத்தை வெட்டி வட்டம் போட்டு, இரண்டு கரையிலும் ஊர் திரண்டு நின்றது. இருளப்பன் அதற்கு முன் அரிவாள் வீசியவன் இல்லை. சன்னாசி வெட்டினான், இருளப்பன் வெட்டினான், சன்னாசியின் முகம் குறுக்கே பிளந்து பால் தெறித்தது, மூடியது, இருளப்பனின் வயிறு திறந்தது, மூடியது, கை தொங்கியது, ஒட்டியது. முதல் ஒரு மணி நேரம் கரையில் இருந்தவர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். இரண்டாவது மணி நேரத்தில் கத்தியவர்கள் உட்கார்ந்தார்கள். தரையெல்லாம் வெள்ளையாகி, காலில் பிசுபிசுவென்று ஒட்டி, அந்த இருவரும் மூச்சு வாங்காமல், முனகாமல், ஒருவரையொருவர் பார்க்கக்கூடப் பார்க்காமல், விறகு பிளக்கிறவர்கள் போல வெட்டிக்கொண்டே இருந்தார்கள். மூன்றாவது மணி நேரத்தில் ஒருத்தி ஆட்டைப் பிடித்துக் கட்ட வேண்டும் என்று எழுந்து போனாள். ஒருவன் எழுந்து போய் மறைவாக வாந்தி எடுத்தான், திரும்பி வரவில்லை. பிறகு பத்துப் பத்துப் பேராகப் போனார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கோட்டைச்சாமிக்கு அது பொறுக்கவில்லை. "போகாதீங்கடா, நான் முடிச்சுக் காட்டுறேன்" என்று கத்திக்கொண்டு வட்டத்துக்குள் குதித்து, இருவருக்கும் நடுவே புகுந்து, சன்னாசியின் தலையை அடியோடு எடுக்க அரிவாளை ஓங்கினான். அந்த நேரத்தில் இருளப்பனின் அரிவாள் ஏற்கெனவே காற்றில் இருந்தது. அது அண்ணனின் விலாவில் இறங்கியது. அந்த வட்டத்துக்குள் வெட்டினால் ரத்தம் வருகிற ஒரே ஆள் கோட்டைச்சாமிதான். வெள்ளைத் தரையில் அது எல்லாருக்கும் தெரிகிற மாதிரிச் சிவப்பாக ஓடியது.

"பூமயிலு, பாலு" என்றான் கோட்டைச்சாமி.

"தீந்துபோச்சு பெரிய மச்சான்" என்றாள் பூமயில். அவள் பொய் சொல்லவில்லை. கால் மணி நேரத்தில், எல்லா மனிதரையும் போல, அவன் செத்துப்போனான். சன்னாசி அரிவாளைக் கீழே வைத்தான். வீட்டுக்குப் போகாமல், தனபாக்கியம் கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல், கிழக்கே கடல் இருக்கிற திசையில் நடந்தான். அவனிடம் இன்னும் தொண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. அதற்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை.

"அண்ணனைத் தெரிஞ்சுதான் வெட்டுனீங்களா மச்சான்?" என்று பூமயில் வீட்டில் வைத்துக் கேட்டாள்.

"தெரியல. கை ஓங்கியிருந்துச்சு. அண்ணன் வந்துச்சு."

கோட்டைச்சாமிக்குப் பிள்ளை இல்லை, தம்பிதான் கொள்ளி வைக்க வேண்டும். மூன்று மாதம் காரைச் சுற்றியும் வாசலிலும் கொல்லையிலும் நடந்தது போக, வெள்ளிக்கிழமை வட்டத்துக்குள் மிதித்த மிதியில் மற்றதெல்லாம் போய்விட்டது என்றான் தலையாரி. மீதி இருந்தது இரண்டு கிலோமீட்டர். சுடுகாடு ஒன்றே முக்கால். ஆட்கள் நாற்காலியைக் கொண்டுவந்து வைத்தார்கள். இருளப்பன் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. "அண்ணன் செஞ்ச நாற்காலியில உக்காந்துக்கிட்டு அண்ணன் பின்னாடி போகவா?" என்று கொள்ளிச்சட்டியை வாங்கிக்கொண்டு நடந்தான். பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை என்பதால், திரும்பும்போது ஏற்றிக்கொண்டு வரலாமென்று பூமயில் காரை எடுத்துக்கொண்டு போய்க் கண்மாய்க்கரையில் நிறுத்திக் காத்திருந்தாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் அவன்தான்.

தீ பற்றி எரிய ஆரம்பித்ததும், பாடையோடு பாடையாகக் கட்டிக் கொண்டுவந்திருந்த அரிவாள்களைக் கொக்கனேந்தல் ஆட்கள் உருவினார்கள். தம்பி கையால் செத்தாலும் வாகைக்குண்டால்தானே செத்தான் என்றார்கள். அவர்கள் கண்மாய்க்கு வந்தபோது எதிர்க்கரையில் வாகைக்குண்டு ஏற்கெனவே வந்து நின்றிருந்தது. இருளப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, கரையிலிருந்து இறங்கி, இரண்டு ஊருக்கும் நடுவே நடந்தான். தலையாரி பழக்கதோஷத்தில், "இன்னும் நூறு அடி" என்றான். பிறகு, "தொண்ணூறு" என்றான். மூன்று மாதமாக இரண்டு ஊரிலும் எல்லாருக்கும் அந்தக் கணக்கு மனப்பாடம். வாய் தானாக முணுமுணுத்தது. எண்பது, எழுபது. பூமயில் காரைவிட்டு இறங்கி ஓடிவந்தாள்.

"உக்காருங்க மச்சான்! அங்கனயே உக்காருங்க! நான் தூக்கிக்கிறேன்!"

அவன் நடந்துகொண்டே திரும்பினான். "உக்காந்தே கிடக்கிறதுக்கா அன்னைக்கு எந்திரிச்சேன், பூமயிலு?"

நாற்பதில் யாரும் எண்ணவில்லை. முப்பதில் அவன் சட்டை நனைய ஆரம்பித்தது. கண்மாயின் நட்ட நடுவில், நேற்றைய வெள்ளை காய்ந்து வெடித்துக் கிடந்த இடத்தில், அவன் கால் மடங்கியது. அவன் உடம்பில் மூடியிருந்த வெட்டுகள் எல்லாம், சன்னாசி வெட்டியதும் அண்ணன் வெட்டியதும் ஊருக்காக வாங்கியதும், ஒரே மூச்சில் திறந்துகொண்டன. பால் முதலில் வடிந்தது. அதன் பின்னால், இத்தனை நாள் உள்ளே காத்துக் கிடந்த ரத்தம் வந்தது. ஒரு ஆளுக்குள் இவ்வளவு இருக்குமா என்று தோன்றுமளவு வந்தது.

கொக்கனேந்தல் ஆட்கள் நான்கு பேர் தூக்குவதற்கு ஓடிவந்தார்கள். எதிர்க்கரையிலிருந்தும் இரண்டு பேர் வந்தார்கள்.

"எவனும் தொடக் கூடாது" என்றாள் பூமயில்.

அவர்கள் நின்றார்கள். அவள் அவனுடைய கைகளுக்கு அடியில் தன் கைகளைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். முடியவில்லை. இழுத்தாள். ரத்தத்தில் கால் வழுக்கி விழுந்தாள், எழுந்தாள், மறுபடி இழுத்தாள். நூறு ஆண்கள் அரிவாளோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாகைக்குண்டுக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு தனபாக்கியம் இறங்கி வந்து, கிட்டே நெருங்காமல் நின்றாள்.

பூமயில் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். "என்ன பாக்குற? தலையைப் பிடி."

இருவருமாக அவனைக் கரையேற்றிக் காரின் பின்சீட்டில் கிடத்தினார்கள். பூமயில் முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள். கார் கொக்கனேந்தல் பக்கமும் திரும்பவில்லை, வாகைக்குண்டு பக்கமும் திரும்பவில்லை. பின்னால் தனபாக்கியம் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் அவன் கழுத்தைப் பொத்திப் பிடித்திருந்தாள். இனிப் பொத்துவதால் ஒன்றும் ஆகாது என்று தெரிந்தும் அவள் கையை எடுக்கவில்லை.